பழைய ரயில் நிலையத்தை மட்டும் மீட்டால் போதுமா? அமெரிக்க டெப்போ வட்டாரங்களின் வரலாறும் சீரமைப்பும்

அமெரிக்காவின் பல ஊர்களில், பழைய ரயில் நிலையத்தையும் அதைச் சுற்றியுள்ள செங்கல் கிடங்குகளையும் சேர்த்து ‘டெப்போ டிஸ்ட்ரிக்ட்’ (ரயில் நிலைய வட்டாரம்) என்று பெயர்சூட்டிப் புதுப்பித்திருக்கிறார்கள். இவை எப்படித் தோன்றின, ஏன் பாழாயின, சீரமைப்பு எப்படி நடக்கிறது, கையில் உள்ள பணத்தில் நிலையக் கட்டடத்தை மட்டும் மீட்டால் போதாதா என்பது கேள்வி. கடைசிப் பகுதிக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் போதாது. நிலையம் தனித்து நிற்பதற்காக எழுந்த கட்டடம் அல்ல. பின்னாலிருந்த சரக்குக் கொட்டகைக்கும், எதிரிலிருந்த விடுதிகளுக்கும், இருபுறமும் நீண்ட மொத்த வியாபாரக் கிடங்குகளுக்கும் அது வாசலாக இருந்தது. வீட்டை இடியவிட்டு வாசலுக்கு மட்டும் வண்ணம் பூசிய ஊர்கள் பலவும் சில ஆண்டுகளில் மறுபடியும் அதே கேள்வியோடு நின்றன. ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, இந்த வட்டாரங்கள் பிறந்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பால்டிமோர் – ஒஹாயோ ரயில் நிறுவனம் 1827இல் உரிமம் பெற்று, 1830இல் பால்டிமோரிலிருந்து எலிகாட்ஸ் மில்ஸ் என்ற ஆலை ஊர்வரை ஏறத்தாழ 13 மைல் நீளத்துக்கு முதல் பாதையைத் திறந்தது. அந்தப் பாதையின் கடைசியில் எழுப்பப்பட்ட கருங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையமாக அதைக் கருதுகிறார்கள். இப்போது அது அருங்காட்சியகம். அது பயணிகளைவிடச் சரக்கை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்பதை மறக்கக் கூடாது, ஏனென்றால் அதற்குப் பின் வந்த பெரும்பாலான நிலையங்களின் கதையும் அதுதான். பயணச்சீட்டு விற்ற வருமானத்தைவிட மாவும் மரமும் நிலக்கரியும் ஏற்றி இறக்கிய வருமானமே பாதைகளைப் பிழைக்கவைத்தது.

கிழக்கே ஏற்கெனவே இருந்த ஊர்களுக்கு ரயில் விருந்தாளியாக வந்தது. நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றி ஊரின் பழைய மையம் அமைந்திருக்க, பாதை ஊரின் ஓரத்தில், சமதளமும் மலிவான நிலமும் கிடைத்த இடத்தில் போடப்பட்டது. அதனால் அரை மைல் தள்ளி இரண்டாவது மையம் ஒன்று முளைத்தது. இன்று பல ஊர்களில் டெப்போ வட்டாரமும் பழைய கடைவீதியும் தனித்தனியாக இருப்பதற்கும், இரண்டுக்கும் நடுவே வெறும் வாகன நிறுத்தங்கள் விழுந்து கிடப்பதற்கும் இதுவே காரணம். மேற்கே நிலைமை தலைகீழ்: அங்கே ரயில்தான் ஊரைப் பெற்றது. இல்லினாய் சென்ட்ரல் பாதைக்காக 1850இல் கூட்டாட்சி அரசு நிலம் கொடுத்தது. 1862ஆம் ஆண்டின் பசிபிக் ரயில்வே சட்டம் அந்த வழக்கத்தைப் பன்மடங்கு பெரிதாக்கியது. 1869 மே 10 அன்று யூட்டாவின் புரமான்டரி உச்சியில் இரு கடற்கரைகளின் பாதைகளும் இணைந்தன. தங்களுக்குக் கிடைத்த நிலத்தில் ரயில் நிறுவனங்களும் அவற்றின் துணை நிறுவனங்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஊர்களை வரைந்து மனை மனையாக விற்றன. தண்டவாளத்துக்குச் செங்குத்தாக ஒரு கடைவீதி, அந்த வீதியின் தலையில் நிலையம், தண்டவாளத்தை ஒட்டித் தானியக் களஞ்சியமும் மரக்கடையும் என்பது சமவெளி ஊர்களில் திரும்பத் திரும்பக் காணும் அமைப்பு. இத்தகைய ஊரில் டெப்போ வட்டாரம் என்று தனியாக ஒன்றும் இல்லை, ஊரே அதுதான்.

சிற்றூர் நிலையங்களின் உட்புற அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரு முனையில் பயணிகள் காத்திருக்கும் அறை, மறுமுனையில் சரக்கு அறை, நடுவில் நிலைய ஏஜென்ட்டின் அலுவலகம். அந்த அலுவலகத்தின் சன்னல் தண்டவாளத்தை நோக்கி வெளியே துருத்திக்கொண்டிருப்பது அழகுக்காக அல்ல. தந்திக் கருவியின் முன் உட்கார்ந்தபடியே இரு திசைகளிலும் வரும் ரயிலைப் பார்ப்பதற்காக. ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் ரயில்கள் எங்கே ஒதுங்க வேண்டும் என்ற உத்தரவு தந்தியில் வரும். ஏஜென்ட் அதை எழுதி, ஓடும் ரயிலின் ஓட்டுநர் கையில் எட்டும்படி வளையத்தில் செருகி நீட்டுவார். கைகாட்டி, தந்தி, பயணச்சீட்டு, பார்சல், தபால் மூட்டை எல்லாம் ஒருவர் பொறுப்பில் இருந்த ஊர்கள் ஏராளம். ஊரின் நேரத்தைக்கூட நிலையமே தீர்மானித்தது. 1883 நவம்பர் 18 அன்று ரயில் நிறுவனங்கள் தாங்களாகவே நேர மண்டலங்களை ஏற்றுக்கொண்டன. நாடாளுமன்றம் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது 1918இல்தான்.

தென்மாநில நிலையங்களில் இன்னொரு சுவரும் உண்டு. கறுப்பின மக்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தனித்தனிக் காத்திருப்பு அறைகள், தனித்தனி வாசல்கள். ரயில்பெட்டியில் இருக்கை பற்றிய வழக்கிலிருந்துதான் 1896இல் ‘பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன்’ தீர்ப்பு வந்தது. நிறப் பிரிவினையை அரசமைப்புக்கு உட்பட்டதாக ஆக்கிய தீர்ப்பு அது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் ரயில் பயணிகளைப் பிரிப்பதை மத்திய வணிக ஆணையம் 1955இல் தடைசெய்தபோதும், நடைமுறையில் பல ஊர்களில் அந்தச் சுவர் 1960களின் தொடக்கம்வரை நின்றது. சீரமைப்பில் இது எவ்வளவு சங்கடமான கேள்வியாக மாறுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி நிலையத்தைச் சுற்றியிருந்தவற்றைப் பார்ப்போம். லாரிகள் வருவதற்கு முன், ஓர் ஊருக்கு வேண்டிய மளிகை, இரும்புச் சாமான், விவசாயக் கருவி, இறைச்சி, பழம் எல்லாம் ரயிலில் மொத்தமாக இறங்கி, அங்கிருந்து குதிரை வண்டிகளில் சில்லறைக் கடைகளுக்குப் போயின. ஆகவே, தண்டவாளத்திலிருந்து கிளைப்பாதைகள் நேரே கிடங்குகளின் முதுகுக்குச் சென்றன. கிடங்கின் ஒரு பக்கம் பெட்டிகளின் தளத்துக்குச் சரியான உயரத்தில் ஏற்றுமேடை, மறுபக்கம் தெருவை நோக்கிய அலங்காரமான முகப்பு. மூட்டைகளும் இயந்திரங்களும் அடுக்கப்படும் என்பதால் சுவர்கள் தடித்தவை, தூண்களும் உத்திரங்களும் பெருமரங்கள், தளங்கள் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்குபவை. நெருப்பில் மெல்லிய மரச்சட்டங்களைவிடப் பெருமரம் மெதுவாகவே எரியும் என்பதால் காப்பீட்டு நிறுவனங்களும் அத்தகைய கட்டுமானத்தை விரும்பின. நூறு ஆண்டு கழித்து இவை குடியிருப்பாகவும் அலுவலகமாகவும் எளிதில் மாற முடிந்தது இந்தக் கட்டுமானத்தால்தான். என்னைக் கேட்டால், டெப்போ வட்டாரங்களின் உண்மையான சொத்து நிலையத்தின் கோபுரம் அல்ல, இந்தப் பெயரற்ற கிடங்குகள்தான்.

ஆனால் கண்ணைக் கவர்ந்தது நிலையம் என்பதையும் மறுக்க முடியாது. ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் 1880களில் பாஸ்டன் – ஆல்பனி பாதைக்காக வடிவமைத்த, தாழ்ந்து விரிந்த கூரையுடைய கல் நிலையங்கள் நாடு முழுவதும் பின்பற்றப்பட்டன. இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் போன்ற நடுத்தர ஊருக்கே, சிக்காகோவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் டேனியல் பர்னமின் நிறுவனம் 1902இல் தூண்வரிசையோடு ஒரு நிலையத்தை வரைந்து கொடுத்தது. தென்மேற்கில் சான்டா ஃபே பாதை நெடுகிலும் ஃபிரெட் ஹார்வி நிறுவனத்தின் உணவகங்களும் விடுதிகளும் எழுந்தன. மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1930இல் அரிசோனாவின் வின்ஸ்லோவில் திறக்கப்பட்ட லா போசாடா விடுதி அவற்றின் உச்சம். பெருமந்தம் தொடங்கிய வேளையில் திறந்த அந்த விடுதி 1957இல் மூடப்பட்டது, ரயில்வே அலுவலகமாகக் கூறுபோடப்பட்டது, 1997 முதல் தனியார் கையில் மீண்டும் விடுதியாக உயிர்பெற்றது. ரயில் இன்றும் அதன் பின்வாசலில் நிற்கிறது.

வீழ்ச்சியை ஒரே காரணத்தில் அடக்கிச் சொல்வது வழக்கம்: கார் வந்தது, ரயில் போனது. உண்மையில் அது பல தவணைகளில் நடந்தது. அமெரிக்க ரயில்பாதையின் நீளம் 1916இல் ஏறத்தாழ 2,54,000 மைலாக உச்சத்தைத் தொட்டது, அதன்பின் இறக்கம்தான். முதலில் அடிபட்டது பயணிகள் அறை அல்ல, சரக்குக் கொட்டகை. ஒரு பெட்டியை நிரப்பாத சில்லறைச் சரக்கை லாரிகள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தபோது, தண்டவாளத்தை ஒட்டிய கிடங்குகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1956இல் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைத் திட்டம் சட்டமானது. 1967இல் அஞ்சல் துறை ரயில்களில் கடிதம் பிரிக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. நட்டத்தில் ஓடிய பல பயணிகள் ரயில்களை அதுவரை தாங்கிப் பிடித்திருந்தது தபால் வருமானம்தான். 1971 மே 1 அன்று தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் பொறுப்பேற்றபோது, அப்போது ஓடிக்கொண்டிருந்த தொலைதூர ரயில்களில் ஏறக்குறைய பாதி ஒரே நாளில் மறைந்தன. ரிச்மண்ட் நிலையத்துக்கு வந்த கடைசிப் பயணிகள் ரயில் 1979இல் நின்றது.

வெற்றுக் கட்டடத்துக்கும் சொத்துவரி உண்டு. ஆகவே ரயில் நிறுவனங்கள் நிலையங்களை இடித்துத் தரைமட்டமாக்குவதையே சிக்கனம் என்று கருதின. அல்லது, ‘ஒரு டாலருக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எங்கள் நிலத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போங்கள்’ என்று ஊருக்குச் சொல்லின. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் 1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்திலிருந்து வழிந்த பணம் கிடங்குகளை இடித்து வாகன நிறுத்தமாக்கியது.

திருப்பம் ஒரு பேரிழப்பிலிருந்து வந்தது. நியூயார்க்கில் 1910இல் திறந்த பென்சில்வேனியா நிலையத்தை 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சி 1965இல் நியூயார்க்கின் சின்னப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வேகம் கொடுத்தது. மறு ஆண்டே தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டை உருவாக்கியது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் அடுக்குமாடி கட்ட அனுமதி மறுத்த நகரத்தின் முடிவை 1978இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, இத்தகைய ஊர்ச்சட்டங்களுக்கு அடித்தளம் உறுதியானது.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். தேசியப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் கட்டடத்தை யாரும் இடிக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கூட்டாட்சிப் பணமோ உரிமமோ சம்பந்தப்பட்ட வேலை என்றால் மறுஆய்வு நடக்கும். தனியார் உரிமையாளர் தன் பணத்தில் இடிப்பதைப் பதிவேடு தடுக்காது. தடுக்கக்கூடியது ஊராட்சியின் சொந்தப் பாதுகாப்புச் சட்டம்தான். ஆகவே ஓர் ஊர் செய்ய வேண்டியவை இரண்டு: பதிவேட்டில் இடம்பெறுவது, உள்ளூர்ச் சட்டத்தில் வட்டாரத்தை அறிவிப்பது. முன்னது பணத்துக்கு வழி, பின்னது இடிப்புக்குத் தடை.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழமைமீதுள்ள பாசம் கூரையை ஒழுகாமல் நிறுத்தாது. 1976ஆம் ஆண்டின் வரிச் சட்டம் வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைப்பவர்களுக்கு முதன்முதலாகச் சலுகை கொடுத்தது. 1981இல் அது செலவில் 25 சதவீதமாக உயர்ந்தது. 1986இல் 20 சதவீதமாகக் குறைந்து அப்படியே நிலைத்தது. இது வருமானத்தைக் குறைத்துக் காட்டும் கழிவு அல்ல, கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறைவது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அந்த 20 சதவீதத்தை ஐந்து ஆண்டுகளில் பிரித்தே பெற முடியும். நிபந்தனைகளும் உண்டு: கட்டடம் வருமானம் தருவதாக இருக்க வேண்டும், உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்காது, சீரமைப்புச் செலவு கட்டடத்தின் கணக்குமதிப்பையோ 5,000 டாலரையோ, எது அதிகமோ அதை, மிஞ்ச வேண்டும், முடித்த ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் சலுகையின் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். வேலை, வரலாற்றுக் கட்டடச் சீரமைப்புக்காக உள்துறைச் செயலர் வகுத்த பத்து நெறிகளுக்கு ஏற்ப நடந்தது என்று தேசியப் பூங்காத் துறை சான்றளிக்க வேண்டும். விண்ணப்பம் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் வழியாக மூன்று கட்டங்களில் செல்லும். முதல் அனுமதிகளுக்கு முன்பே சுத்தியலை எடுத்துவிட்டு, பிறகு சான்று கேட்டுப் போராடுபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

நான் தொடக்கத்தில் சொன்ன ‘போதாது’ என்ற பதிலுக்கான நடைமுறைக் காரணம் இந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது. நிலையத்தை மட்டும் பதிவேட்டில் சேர்த்தால் சலுகை அந்த ஒரு கட்டடத்துக்கே. அதுவும் நிலையம் ஊராட்சிக்குச் சொந்தம் என்றால், வரியே கட்டாத ஊராட்சிக்கு வரிச்சலுகையால் நேரடிப் பயன் இல்லை. தனியாருக்கு நீண்டகாலக் குத்தகை போன்ற சுற்றுவழிகள் தேவைப்படும். மாறாக, முழு வட்டாரத்தையும் சேர்த்துப் பதிந்தால், தனித்தன்மை எதுவும் இல்லாத எளிய கிடங்குகூட வட்டாரத்தின் வரலாற்றுக்குப் பங்களிக்கும் கட்டடம் என்ற தகுதியில் அதே 20 சதவீதத்தைப் பெறலாம். ரிச்மண்டின் ரயில் நிலைய வட்டாரம் 1987இல் இப்படித்தான் வட்டாரமாகவே பதிவானது. பல மாநிலங்கள் தம் பங்குக்குத் தனிச் சலுகையும் தருகின்றன. நிலையத்துக்கு 1991ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் வேறொரு கதவைத் திறந்தது: நெடுஞ்சாலைப் பணத்தின் ஒரு பகுதியை வரலாற்று ரயில் கட்டடங்களைச் சீரமைக்கவும் பயன்படுத்தலாம் என்றது. பொதுவாக 80 சதவீதம் கூட்டாட்சிப் பணம், 20 சதவீதம் ஊரின் பங்கு. நெடுஞ்சாலை கொன்றதை நெடுஞ்சாலைப் பணமே எழுப்பியது என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த முரண்.

நடந்த கதைகளுக்கு வருவோம். செயின்ட் லூயிஸ் யூனியன் நிலையம் 1894இல் திறந்தது, 1978இல் கடைசி ரயிலை அனுப்பியது, 1985இல் விடுதியும் பேரங்காடியுமாக மிகுந்த ஆரவாரத்தோடு மீண்டது. தொடக்கத்தில் கூட்டம் அலைமோதியது. ஆனால் சுற்றிலும் நடந்து போக ஒரு வட்டாரம் இல்லாததால், புதுமை தீர்ந்ததும் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 2019இல் மீன்காட்சியகமும் கேளிக்கைகளும் வந்து மறுபடியும் ஒரு பிறவி எடுத்தது. இண்டியானாபொலிஸ் நிலையமும் 1986இல் அதேபோன்ற அங்காடியாகத் திறந்து 1997இல் மூடியது. சின்சினாட்டியில் 1933இல் எழுந்த யூனியன் டெர்மினல் 1972இல் ரயில்களை இழந்தது; 1974இல் அதன் பின்புற நீள்கூடத்தை இடித்தபோது, உழைப்பாளிகளைச் சித்திரித்த வினால்ட் ரைஸின் மொசைக் சுவரோவியங்கள் மட்டும் பெயர்க்கப்பட்டு விமான நிலையத்துக்குச் சென்றன. பேரங்காடி முயற்சி அங்கும் தோற்றது. 1990இல் அருங்காட்சியகங்கள் குடியேறிய பிறகுதான் கட்டடத்துக்கு நிலையான பயன் கிடைத்தது. அப்போதும் சுவருக்குள் புகுந்த நீர் எஃகுச் சட்டங்களை அரித்துக்கொண்டிருந்தது. 2014இல் அந்தக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மக்கள் விற்பனை வரியை உயர்த்த வாக்களித்து, 20 கோடி டாலருக்கும் அதிகமான செலவில் 2018இல் வேலை முடிந்தது. 1980களின் பேரங்காடி மோகத்தைப் பழிப்பது இன்று எளிது. அந்த மோகம் இல்லாவிட்டால் இந்தக் கட்டடங்களில் சில அப்போதே மண்ணாகியிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டென்வர் எதிர்த்திசையில் சென்றது. டேனா கிராஃபோர்ட் என்ற பாதுகாப்பாளர் 1965இல் லாரிமர் தெருவின் ஒரே ஒரு பகுதியை இடிப்பிலிருந்து மீட்டுக் கடைகளாக்கியதில் இந்த வேலை தொடங்கியது. 1988இல் நகரம் நிலையத்தைச் சுற்றிய கிடங்குப் பகுதியை வரலாற்று வட்டாரமாக அறிவித்து, இடிப்பையும் புதிய கட்டடங்களின் உயரத்தையும் கட்டுப்படுத்தியது. கிடங்குகள் வீடுகளாயின, 1995இல் அருகே பேஸ்பால் மைதானம் வந்தது, மக்கள் அங்கேயே வாழத் தொடங்கினார்கள். 1881இல் தொடங்கி, 1914இல் நடுப்பகுதி மாற்றிக் கட்டப்பட்ட யூனியன் நிலையம் 2014இல்தான் முழுமையாக மீண்டது: மேலே கிராஃபோர்டின் பெயரில் 112 அறைகள் கொண்ட விடுதி, கீழே பொதுக்கூடம், பின்னால் ரயில், நிலத்தடியில் பேருந்து நிலையம். வட்டாரம் முதலில், நிலையம் கடைசியில். ரிச்மண்டிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். கடைகளும் உணவகங்களும் வட்டாரத்தில் ஊன்றிக்கொண்ட பின்னரே, கூரை பழுதாகி நெடுநாள் கிடந்த பர்னமின் நிலையம் தனியார் முயற்சியில் சீரானது.

டெட்ராய்ட்டின் மிச்சிகன் சென்ட்ரல் நிலையம் இந்த விதிக்கு விலக்குப்போல் தோன்றும். 1913இல் திறந்து, 1988இல் மூடி, முப்பது ஆண்டுகள் சன்னல் இல்லாத எலும்புக்கூடாக நின்ற 18 மாடிக் கட்டடத்தை ஃபோர்டு நிறுவனம் 2018இல் வாங்கி 2024இல் திறந்தது. நிலத்தடித் தளத்தில் தேங்கியிருந்த நீரை இறைப்பதே பெரிய வேலையாக இருந்தது. ஆனால் ஃபோர்டும் நிலையத்தை மட்டும் வாங்கவில்லை. பக்கத்திலிருந்த பழைய அஞ்சல் கிடங்கையும் சுற்றியிருந்த மனைகளையும் சேர்த்தே வாங்கியது. பெரும் நிறுவனம் ஒன்று வரும் என்று காத்திருப்பது வேறு ஊர்களுக்கு வழியாகாது.

சீரமைப்பு வேலையின் நுட்பங்களில் முதலாவது, சட்டப்படி யாருக்கு என்ன சொந்தம் என்பது. கட்டடம் ஊருக்கு விற்கப்பட்டிருந்தாலும் அடியிலுள்ள நிலம் பல நேரங்களில் ரயில் நிறுவனத்திடமே இருக்கும். பாதையில் சரக்கு ரயில் ஓடுகிறது என்றால் இடைவெளி, வேலி, வடிகால் எல்லாவற்றிலும் அவர்கள் சொல்தான் இறுதி. கட்டடத்தைப் பெயர்த்து வேறிடம் வைத்துக்கொள்ளச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளக் கூடாது. இடம்மாறிய கட்டடங்களைத் தேசியப் பதிவேடு பொதுவாக ஏற்பதில்லை. தகுதி போனால் வரிச்சலுகையும் போகும். தண்டவாளத்தைப் பிரிந்த நிலையம், துருத்திய சன்னலுக்கு முன்னால் பார்க்க எதுவும் இல்லாமல், பூங்காவில் நிற்கும் பொம்மையாகிவிடுவதும் உண்டு.

அடுத்தது மண். நூறு ஆண்டு எஞ்சின் சாம்பலும், தண்டவாளக் கட்டைகளில் ஊறிய கிரியோசோட் என்ற தார் எண்ணெயும், களை அழிக்கத் தெளித்த ஆர்செனிக் கலவைகளும், ஈய வண்ணப்பூச்சும் ரயில் நிலத்தில் கலந்திருக்கும். மண் ஆய்வு செய்யாமல் வாங்கியவர் தூய்மைப்படுத்தும் பொறுப்பையும் சேர்த்து வாங்கிவிடலாம். 2002ஆம் ஆண்டின் மாசுநிலச் சட்டம் முறையான முன்னாய்வு செய்து வாங்குபவருக்குப் பாதுகாப்பும், ஊர்களுக்கு மானியமும் தருகிறது. ஆய்வை வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி.

கட்டடத்தில் அதிகம் கெடுப்பவை நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பழுதுபார்ப்புகள். பழைய செங்கல் மென்மையானது, அதன் இணைப்பு சுண்ணாம்புக் காரை. சுவருக்குள் புகும் ஈரம் காரை வழியாக வெளியேறும். காலம் செல்லச்செல்லத் தேய்வதும் உதிர்வதும் காரைதான், அதை மாற்றிக்கொள்ளலாம். காரையைச் சுரண்டிவிட்டு சிமென்ட் அடைத்தால் ஈரத்துக்கு வழியில்லாமல் செங்கலின் முகமே உதிரத் தொடங்கும். மணல்வீச்சில் சுத்தம் செய்தால் செங்கலின் சுட்ட மேல்தோல் போய்விடும்; சான்று மறுக்கப்படுவதற்கு இது ஒன்றே போதும். மரச் சன்னல்களைப் பெரும்பாலும் பழுதுபார்க்க முடியும், ஏனென்றால் அவை பழங்காட்டு மரத்தில் செய்தவை. நிலையங்களின் அகன்ற இறவாரமும் அதைத் தாங்கும் கொடுங்கைகளும் முதலில் அழுகும் இடங்கள். பணம் குறைவாக இருந்தால் கூரையையும் மழைநீர்க் குழாய்களையும் சரிசெய்து, கட்டடத்தை மூடிவைத்துக் காத்திருப்பது பாதி வேலையைத் தொடங்கிவிட்டு நிறுத்துவதைவிட நல்லது.

எந்தக் காலத்துக்குத் திருப்புவது என்ற கேள்வி எப்போதும் எழும். கட்டிய ஆண்டின் தோற்றமா, 1940களின் தோற்றமா? பிற்காலச் சேர்க்கைகளும் தமக்கென முக்கியத்துவம் பெற்றிருந்தால் அவற்றைக் காக்க வேண்டும் என்பதே அந்தப் பத்து நெறிகளின் போக்கு. தென்மாநில நிலையங்களில் இரண்டு காத்திருப்பு அறைகளையும் ஒன்றாக இடித்து அழகான ஒரே கூடமாக்கும் ஆசை வரும். அப்படிச் செய்தால் கட்டடம் சொல்லும் மிக முக்கியமான செய்தி அழிந்துவிடும். சுவரையோ அது இருந்த தடத்தையோ காட்டி, அது எதற்காக இருந்தது என்று எழுதிவைப்பதே நேர்மை என்பது என் கருத்து.

ரயில் இன்னும் ஓடும் வட்டாரங்களில் ஒலியையும் கணக்கில் கொள்ள வேண்டும். சாலைக் கடவைக்கு 15 முதல் 20 வினாடிகளுக்கு முன் எஞ்சின் ஒலி எழுப்பியாக வேண்டும்; இரண்டு நெடில், ஒரு குறில், ஒரு நெடில் என்பது முறை. கிடங்கை வீடாக்கிக் குடியேறியவர்கள் முதல் இரவிலேயே புகார் எழுதுவார்கள். கடவைகளில் கூடுதல் தடுப்புகள் அமைத்தால், 2005இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதிப்படி அமைதி மண்டலம் கேட்கலாம். செலவை ஊர்தான் ஏற்க வேண்டும், இதைத் திட்ட மதிப்பீட்டில் தொடக்கத்திலேயே சேர்ப்பவர்கள் குறைவு.

வெற்றிக்கும் ஒரு விலை இருக்கிறது. வாடகை குறைவு என்பதற்காகக் கிடங்குகளில் இருந்த தச்சர்களும் ஓவியர்களும் பழைய சாமான் வியாபாரிகளும்தான் பெரும்பாலும் வட்டாரத்துக்கு முதல் உயிரைக் கொடுப்பவர்கள். வட்டாரம் பெயர்பெற்றதும் முதலில் வெளியேறுபவர்களும் அவர்களே. நியூமெக்சிகோவின் சான்டா ஃபே நகரம் 1995இல் தன் ரயில் வளாகத்தின் ஏறத்தாழ 50 ஏக்கரைத் தானே வாங்கி, விற்காமல் குத்தகைக்கு மட்டும் விட்டு, பூங்காவுக்கும் உழவர் சந்தைக்கும் இடம் ஒதுக்கி, 2008இல் திறந்தது. நிலம் பொதுவில் இருந்ததால் யார் அங்கே தொழில் செய்யலாம் என்பதில் நகரத்துக்குக் கடைசிவரை ஒரு சொல் இருக்கிறது. எல்லா ஊராலும் இவ்வளவு நிலம் வாங்க முடியாது. ஆனால் நிலையத்தையும் அதன் முன்திடலையும் மட்டுமாவது பொதுவில் வைத்துக்கொள்வது பெரும்பாலான ஊர்களுக்கு இயலும்.

ரயில் திரும்பி வருமா என்பதையும் பலர் கேட்கிறார்கள். வரலாம். மிசிசிப்பியின் மெரிடியன் ஊர் தன் பழைய யூனியன் நிலையத்தை 1997இல் ரயிலும் பேருந்தும் சேர்ந்து வரும் இடமாக்கியது. வெர்ஜீனியாவின் ரோனோக்குக்கு ஆம்ட்ராக் 2017இல் திரும்பியபோது ரயில் நின்றது புதிய நடைமேடையில். பழைய நிலையம் அதற்குள் அருங்காட்சியகமாகியிருந்தது. அதனால் இன்று நிலையத்துக்கு எந்தப் பயனைத் தேர்ந்தெடுத்தாலும், தண்டவாளத்தை ஒட்டிய நீண்ட நடைமேடை நிலத்தை விற்றுவிடாமலும், அதன்மேல் எதையும் கட்டிவிடாமலும் ஒதுக்கிவைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.